சிவப்புக் கல் ஊரும் சேராக் சகோதரர்களும்

சுமார் 500 பேர் மட்டுமே வசிக்கும் ஒரு பிரெஞ்சுக் கிராமத்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. தன் வீடுகளின் கல்லைத் தானே பெயர்த்து விற்று, இருந்த இடம் தெரியாமல் போயிருக்க வேண்டிய ஊர் அது. ஆனால் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்தப் பதிவு. நடுவில் நம்ம மானாமதுரையும் வரும், அவசரப்படாமல் படியுங்கள் :-)

ஊரின் பெயர் கொலோன்ஜ்-லா-ரூஜ். 'ரூஜ்' என்றால் பிரெஞ்சில் சிவப்பு. பிரான்சின் தென்மேற்கே கொரேஸ் என்ற மாவட்டத்தில், ப்ரீவ் நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. எனக்கு வேலை புனேயில். 2018-ல் கம்பெனி வேலையாக துலூஸ் நகரத்தில் இரண்டு மாதம் தங்க வேண்டியிருந்தது. கூட வேலை பார்த்த ஒரு பிரெஞ்சு நண்பர்தான், "பாரிஸை எல்லாரும் பார்க்கிறார்கள், நீ ஒரு கிராமத்தைப் பார்" என்று வழி சொல்லி அனுப்பினார். துலூஸிலிருந்து ப்ரீவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து சாலை வழி. அக்டோபர் மாதக் கடைசி என்பதால் வழியெல்லாம் வால்நட் தோப்புகளில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது நிறம்தான். சுவர், கோபுரம், தோட்டத்து மதில், படிக்கட்டு, எல்லாமே ஒரே சிவப்பு. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் அந்தச் சிவப்பு இன்னும் அடர்த்தியாக, நம்ம ஊர் செம்மண் நனைந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஏன் சிவப்பு?

இதற்குக் காரணம் பூமிக்கு அடியில் இருக்கிறது. இந்த வட்டாரத்தின் வழியாக ஒரு நிலப்பிளவு ஓடுகிறது. பக்கத்து ஊரின் பெயரால் அதை மேசாக் பிளவு என்கிறார்கள். பிளவுக்கு ஒரு பக்கம் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். மறு பக்கம் இரும்புத் துரு கலந்த செம்மணற்கல். கொலோன்ஜ் சிவப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் துரேன் என்ற கோட்டை ஊர் வெள்ளைப் பக்கத்தில் இருப்பதால் அங்கே வீடெல்லாம் வெளிர் நிறம்.

அந்தக் காலத்தில் கல்லைத் தூரத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுவர யாருக்கு வசதி? காலடியில் கிடைத்ததை வெட்டிக் கட்டினார்கள். இன்று நாம் 'அழகு' என்று படம் எடுக்கிற விஷயம், அன்றைக்குச் சிக்கனம். அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஊரின் நடுவில் இருக்கும் தூய பேதுரு தேவாலயத்தின் வாசல் மேல், பிறை வடிவத்தில் ஒரு சிற்பப் பலகை இருக்கிறது. இயேசு விண்ணேறும் காட்சி. அது மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். இழைத்துச் செதுக்குவதற்கு மணற்கல்லை விட அது வாகானது. அந்தப் பலகைக்கு ஒரு தனிக் கதை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

துறவிகளும் பிரபுக்களும்

ஊரின் தொடக்கம் 8-ஆம் நூற்றாண்டு. லிமோஜ் பகுதியின் பிரபு ஒருவர் இங்கிருந்த நிலத்தை ஷாரூ என்ற மடத்துக்குத் தானமாகக் கொடுத்தார். மடத்துத் துறவிகள் வந்து ஒரு சிறு மடம் கட்டினார்கள். மடம் இருந்தால் பாதுகாப்பு இருக்கும், வேலை இருக்கும். விவசாயிகளும் கைவினைஞர்களும் வியாபாரிகளும் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். கோயிலுக்கு நிலம் எழுதி வைப்பதும், கோயிலைச் சுற்றி ஊர் வளர்வதும் நமக்குப் புதிதா என்ன? தேவதானம், பிரம்மதேயம் என்று நம்ம கல்வெட்டுகள் பேசுகிற அதே நூற்றாண்டுகள்தான்.

ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ தலத்துக்குக் கால்நடையாகப் போகிற யாத்திரிகர்களும் இந்த வழியாக வந்தார்கள். அவர்களுக்குத் தங்க இடம், சாப்பாடு என்று ஊருக்கு வருமானம். இப்படி வளர்ந்த ஊருக்கு 1308-ல் துரேன் பிரபு சில உரிமைகளை எழுதிக் கொடுத்தார்.

இந்தத் துரேன் பிரபுக்கள் சாதாரணமானவர்கள் இல்லை. பிரான்ஸ் ராஜாவுக்குள் அடங்கியும் அடங்காமலும் ஒரு குட்டி ராஜ்ஜியம் நடத்தியவர்கள். சொந்தமாக நாணயம் அடித்தார்கள். அவர்களுடைய குடிகள் ராஜாவுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. பிரான்சின் மற்ற பகுதி விவசாயிகள் வரிச் சுமையில் முனகிக்கொண்டிருந்தபோது, கொலோன்ஜ் ஆட்கள் திராட்சை பயிரிட்டு, ஒயின் விற்று, வால்நட் எண்ணெய் ஆட்டி நிம்மதியாக இருந்தார்கள்.

இன்று நாம் பார்க்கிற கோபுரம் வைத்த வீடுகள் பெரும்பாலும் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் துரேன் பிரபுவின் அதிகாரிகள் கட்டியவை. ஊரின் ஆளுநராக இருந்த வாசினியாக் குடும்பத்தின் மாளிகை 1583-ல் கட்டப்பட்டது. சுவரில் துப்பாக்கி நீட்டுவதற்கான துளைகள் இருக்கின்றன. காரணம், அது கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் அடித்துக்கொண்ட காலம் (1562 முதல் 1598 வரை). தேவாலயத்தையே கோட்டை மாதிரி பலப்படுத்தியிருக்கிறார்கள்.

இதிலே ஒரு விசேஷம். அந்தத் தேவாலயத்துக்குள் இரண்டு கூடங்கள் பக்கம் பக்கமாக உண்டு. நாடே மதத்துக்காக வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு கூடத்தில் கத்தோலிக்கர்களும் இன்னொன்றில் புராட்டஸ்டண்டுகளும் வழிபட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். ஊர் சின்னது. காலையில் ஒருவனோடு சண்டை போட்டால் சாயங்காலம் ரொட்டி சுட அவன் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

ரொட்டி என்றதும் நினைவு வருகிறது. பழைய சந்தை மண்டபத்தின் ஓரத்தில் ஊர்ப் பொது அடுப்பு இன்னும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு கிடையாது. மாவைப் பிசைந்து எடுத்துக்கொண்டு இங்கேதான் வரவேண்டும், பிரபுவுக்குக் கட்டணமும் கொடுக்க வேண்டும். இப்போதும் ஆண்டுக்கு ஒரு தடவை கோடைத் திருவிழாவில் அந்த அடுப்பில் தீ மூட்டி ரொட்டி சுடுகிறார்கள்.

சூதாட்டக் கடனில் போன சுகம்

1738-ல் எல்லாம் மாறியது. துரேன் பிரபு சூதாட்டத்தில் தலைக்கு மேல் கடன் வாங்கி, அதை அடைக்க முடியாமல், தன் ராஜ்ஜியத்தையே 15-ஆம் லூயி ராஜாவுக்கு விற்றுவிட்டார். விலை சுமார் 42 லட்சம் லிவ்ர். நிலத்தோடு ஜனங்களும் கைமாறினார்கள். வரிவிலக்கு அதோடு முடிந்தது. அரண்மனையில் ஒருவன் சீட்டாடித் தோற்றதற்கு, வயலில் நின்றவன் பல தலைமுறைக்குப் பணம் கட்டினான்.

அதன் பிறகு 1789-ல் புரட்சி வந்தது. மடத்துச் சொத்துகள் போயின. துறவிகளின் மடம் இடிந்தது. இருந்தாலும் ஊர் திராட்சையை நம்பி ஓடிக்கொண்டிருந்தது.

கடைசி அடி ஒரு பூச்சி கொடுத்தது. பைலாக்ஸெரா என்ற அமெரிக்கப் பூச்சி, திராட்சைக் கொடியின் வேரை உறிஞ்சிக் கொல்வது. 1860-களில் தெற்குப் பிரான்சில் தலைகாட்டி, அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் நாட்டின் தோட்டங்களைச் சூறையாடியது. அமெரிக்க வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினால் தப்பிக்கலாம் என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் பழைய கொடியைப் பிடுங்கி, புதிதாக நட்டு, காய்க்கும்வரை பல ஆண்டு பொறுத்திருக்கக் கையில் காசு வேண்டுமே. இல்லாதவன் என்ன செய்வான்? மூட்டை கட்டினான்.

பஞ்சம் பிழைக்கப் போவது இந்தப் பகுதிக்குப் பழக்கமானதுதான். கொரேஸ் மாவட்டம் அடங்கிய லிமூசான் பகுதியிலிருந்து கொத்தனார்கள் நடந்தே பாரிஸுக்குப் போய், வெயில் காலம் முழுக்கக் கட்டட வேலை பார்த்து, குளிர் காலத்தில் ஊர் திரும்புவார்கள். பாரிஸில் கல் வேலைக்காரனுக்கே 'லிமூசான்' என்று பெயர் விழுந்துவிட்டது. ஆனால் அவர்கள் திரும்பி வருகிறவர்கள். பைலாக்ஸெராவுக்குப் பின் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. பிறகு 1914-ல் முதல் உலகப் போர். பிரான்ஸ் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அந்த நாட்டில் எந்தக் குக்கிராமத்துக்குப் போனாலும் நடுவில் ஒரு நினைவுக்கல், அதில் வரிசையாகப் பெயர்கள் இருக்கும். சில கற்களில் ஒரே குடும்பப் பெயர் மூன்று நான்கு தடவை வரும். 1931 கணக்கெடுப்பில் பிரான்சின் நகர மக்கள் தொகை முதல் தடவையாகக் கிராம மக்கள் தொகையைத் தாண்டியது.

ஆளில்லாத வீடு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். முதலில் கூரை ஒழுகும். பிறகு உத்திரம் உளுத்துப் போகும். பிறகு ஒருநாள் யாரோ வந்து, "எப்படியும் விழப்போகிறது, கல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்பார். கொலோன்ஜில் அதுதான் நடந்தது. கைவிட்ட வீடுகளை இடித்து, செதுக்கிய சிவப்புக் கல்லை வண்டியேற்றினார்கள். ஒரு ஊரே கல் குவாரி ஆனது.

நிறுத்தியவர்கள்

யாராவது வெளியிலிருந்து வந்து காப்பாற்றினார்களா? இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் சிலரும், ஊரை விட்டுப் போனாலும் மறக்காத சிலரும் சேர்ந்துதான் முதலில் குரல் கொடுத்தார்கள். 'கொலோன்ஜ் நண்பர்கள்' என்று ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். வாசலில் கடற்கன்னிச் சிற்பம் உள்ள ஒரு பழைய வீட்டை (ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் கண்ணாடி!) அந்தக் காலத்து வீட்டுச் சாமான்களை வைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள்.

முன்னால் சொன்னேனே, அந்த வெள்ளைச் சிற்பப் பலகை. அதைப் பழைய கலவரக் காலங்களில் எப்போதோ கழற்றி, கட்டடத்தின் முகட்டுச் சுவரில் உயரத்தில் பதித்து வைத்திருந்தார்கள். 1923-ல் அதை இறக்கி, வாசல் மேல் அதன் சொந்த இடத்தில் மறுபடி பொருத்தினார்கள். ஊர் பாதி காலியாக இருந்த நேரத்தில் செய்த வேலை அது.

சட்டமும் துணைக்கு வந்தது. பிரான்சில் 1913-ல் வரலாற்றுச் சின்னங்களைக் காக்க ஒரு சட்டம் போட்டார்கள். 1943-ல் அதில் ஒரு முக்கியமான விதி சேர்ந்தது: பாதுகாக்கப்பட்ட கட்டடத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் யார் வீட்டை இடிப்பதானாலும் மாற்றுவதானாலும் அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். கோயிலை மட்டும் காப்பாற்றி, நான்கு வீதியில் கண்ணாடிக் கட்டடம் எழும்ப விட்டால் பிரயோஜனமில்லை என்பது அவர்களுக்கு அப்போதே புரிந்திருக்கிறது. கொலோன்ஜ் ஊரும் 1940-களிலேயே பாதுகாப்பின் கீழ் வந்துவிட்டது. அதுவரை வெறும் கொலோன்ஜாக இருந்த ஊர், 1969-ல் 'லா ரூஜ்' என்ற சொல்லைத் தன் பெயரோடு அதிகாரபூர்வமாகச் சேர்த்துக்கொண்டது. பிரான்சில் கொலோன்ஜ் என்ற பெயரில் வேறு ஊர்களும் இருக்கின்றன.

ஒரு புத்தகம், 66 மேயர்கள்

இங்கே பிரெஞ்சு நிர்வாகம் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் சுமார் 35,000 'கம்யூன்'கள் உண்டு. நம்ம ஊராட்சி மாதிரி. 50 பேர் இருக்கிற ஊராக இருந்தாலும் அதற்கு ஒரு மேயர், ஒரு மன்றம், ஒரு சின்ன அலுவலகம். அந்த மேயர் பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஆள்தான்.

1980-களின் தொடக்கத்தில் கொலோன்ஜ் மேயராக இருந்தவர் ஷார்ல் சேராக். 1981-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனம் பிரான்சின் அழகான கிராமங்களைப் பற்றி ஒரு படப் புத்தகம் போட்டது. அதில் இவர் ஊரும் இருந்தது. நானாக இருந்தால் நாலு பேரிடம் காட்டிப் பெருமைப்பட்டுவிட்டு அலமாரியில் வைத்திருப்பேன். இவர் அந்தப் புத்தகத்தில் இருந்த மற்ற ஊர் மேயர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். நாம் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன என்று கேட்டார். 66 மேயர்கள் சரி என்றார்கள். 1982 மார்ச் 6-ஆம் தேதி, சலேர் என்ற ஊரில் 'பிரான்சின் மிக அழகான கிராமங்கள்' சங்கம் பிறந்தது.

சேர்வதற்கு விதிகள் உண்டு. மக்கள் தொகை 2,000-ஐத் தாண்டக் கூடாது. குறைந்தது இரண்டு பாதுகாக்கப்பட்ட சின்னங்களோ இடங்களோ இருக்க வேண்டும். ஊர் மன்றம் கூடித் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். மேயர் ஒருவர் ஆசைப்பட்டால் மட்டும் போதாது, ஊர் ஆசைப்பட வேண்டும் என்று அர்த்தம். பிறகு நிபுணர் நேரில் வந்து பார்ப்பார். மின்கம்பி எப்படிப் போகிறது, வண்டிகள் எங்கே நிற்கின்றன, கடைப் பலகை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றெல்லாம் நீளும் பட்டியல். விண்ணப்பிக்கிற ஊர்களில் பெரும்பாலானவை தேறுவதில்லை. தேறிய ஊரும் கவனிக்காமல் விட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

இன்று அந்தச் சங்கத்தில் சுமார் 180 ஊர்கள். இத்தாலி, பெல்ஜியம், கனடாவின் கியூபெக், ஜப்பான் என்று பல நாடுகளில் இதைப் பார்த்து இதே மாதிரி சங்கங்கள் எழுந்திருக்கின்றன. எல்லாம் ஒரு சின்ன ஊர் மேயர் எழுதிய கடிதங்களில் தொடங்கியது.

மேசாக்கிலிருந்து மானாமதுரைக்கு

தகவல் பலகையில் சேராக் என்ற பெயரைப் படித்ததும் சட்டென்று நின்றுவிட்டேன். இந்தப் பெயரை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேனே! அப்பா வாயிலிருந்து. எங்கள் பூர்வீகம் மானாமதுரைப் பக்கம். "வெள்ளைக்காரச் சாமியார் சேராக்" என்று அவர் சொல்வது அங்கே நின்றபோது காதில் கேட்டது.

அறைக்குத் திரும்பித் தேடிப் படித்ததில் சந்தேகம் தீர்ந்தது. இரண்டு பேரும் கூடப் பிறந்தவர்கள்.

சேராக் குடும்பம் மேசாக் ஊரைச் சேர்ந்தது. கொலோன்ஜுக்கு இரண்டு கிலோமீட்டர்தான். அந்த வீட்டில் பிறந்த ஃபிரான்சுவா சேராக் 1972 முதல் 1981 வரை பிரான்சின் தொழிலதிபர்கள் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்தவர். நாடே அறிந்த பெயர். தம்பி ஷார்ல், பக்கத்து ஊரின் மேயர். இவர்களுக்கு நடுவில் பிறந்தவர் பியர் சேராக். 1914 பிப்ரவரியில் பிறந்து, யேசு சபையில் சேர்ந்து, 1937-ல் 23 வயதில் கப்பலேறித் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டார்.

ஏன் தமிழ்நாடு? 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே மதுரை மிஷனைக் கவனித்து வந்தவர்கள் துலூஸ் வட்டார யேசு சபையினர்தான். திருச்சி புனித வளனார் கல்லூரியும் 1925-ல் தொடங்கிய சென்னை லயோலா கல்லூரியும் அந்த வழியில் வந்தவை. நான் ஆபீஸ் போய் வந்துகொண்டிருந்த அதே துலூஸிலிருந்து எத்தனையோ பேர் திருச்சிக்கும் மதுரைக்கும் வந்து, தமிழ் கற்று, இங்கேயே மண்ணாகியிருக்கிறார்கள். நாம்தான் வெளியூர் போய்ப் பிழைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்!

பியர் சேராக் தமிழும் சமஸ்கிருதமும் படித்தார். கல்லூரி மாணவர்களைத் திரட்டி சேரிகளிலும் கிராமங்களிலும் வேலை செய்ய வைத்தார். 1960-களில் வறண்டு கிடந்த பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில், மானாமதுரையை மையமாக வைத்துக் கூட்டுப் பண்ணையும், ஆயிரம் கிணறுகள் வெட்டும் திட்டமும் தொடங்கினார். எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு கிணறு என்றால் என்ன அர்த்தம் என்று மழையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. 1980-ல் தாய்லாந்து எல்லைக்குப் போய், கம்போடிய அகதி முகாம்களில் பத்து ஆண்டுகளுக்கும் மேல் உழைத்துவிட்டு, திரும்பவும் சென்னைக்கே வந்து ஆதரவற்ற குழந்தைகளுக்காக வேலை பார்த்தார். 2012 மே 30-ஆம் தேதி, 98 வயதில் சென்னையிலேயே காலமானார்.

ஒரே வீடு. ஒருவர் உள்ளூரிலேயே இருந்து கல்லைக் காப்பாற்றினார். ஒருவர் 1937-லேயே கிளம்பி வந்து, வேறொரு வறண்ட பூமியில் தண்ணீர் தேடினார். போனவர் பெரியவரா, இருந்தவர் பெரியவரா என்று பட்டிமன்றம் வைக்கலாம். எனக்கு அதில் ஆர்வமில்லை. இருவருமே தாங்கள் நின்ற இடத்தில் இருந்த ஊரைத் தங்கள் பொறுப்பு என்று நினைத்தார்கள். அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அழகு மட்டும் போதுமா?

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. கொலோன்ஜுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். 500 பேர் இருக்கிற ஊருக்கு இது பெரிய சுமை. கோடையில் வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். நான் போன அக்டோபர் கடைசியில் பாதிக் கடைகளை மூடிவிட்டார்கள். பல வீடுகளில் ஜன்னல் பலகைகள் சாத்தியிருந்தன. விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்களின் வீடுகள். ஊதா நிறக் கடுகு (திராட்சைச் சாறு சேர்த்து அரைப்பது, ப்ரீவ் பக்கத்துப் பிரசித்தம்) விற்ற ஒரு பாட்டியம்மா, நண்பர் எழுதிக் கொடுத்த பிரெஞ்சில் நான் தட்டுத் தடுமாறிக் கேட்ட கேள்விக்கு விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்: இந்தத் தெருவில் குளிர் காலத்தில் புகை வருகிற புகைபோக்கிகள் எத்தனை என்று. ஒரு கை போதுமானதாக இருந்தது.

ஊர் இடிந்து போவது ஒரு சாவு. படம் எடுக்க மட்டும் உயிரோடு இருப்பது இன்னொரு வகைச் சாவு. சங்கம் ஆரம்பித்தவர்களுக்கும் இந்தப் பயம் இருந்திருக்கிறது. ஊர் அருங்காட்சியகமாகவும் ஆகிவிடக் கூடாது, பொருட்காட்சியாகவும் ஆகிவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அது நடக்கிறதா என்றால், இல்லை. கல்லைக் காப்பாற்றச் சட்டம் போடலாம். சாயங்காலம் விளக்கேற்ற ஆளைச் சட்டம் போட்டுக் கொண்டுவர முடியுமா?

இருந்தாலும் நான் கொலோன்ஜ் பக்கம்தான் பேசுவேன். கல் நின்றால், ஆள் திரும்பி வர ஒரு வாய்ப்பாவது மிச்சமிருக்கும். கல் வண்டியேறிவிட்டால் அதுவும் கிடையாது.

எங்கள் வீட்டுத் தூண்கள்

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், எங்கள் ஊர் வீட்டுக்கும் அப்படி ஒருவர் வந்திருக்கிறார். பழைய மரம் வாங்கி விற்பவர். முற்றத்துத் தேக்குத் தூண் எட்டு, நிலைக்கதவு, உத்திரம், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். விலை குறைவில்லை. கொள்ளுத் தாத்தா பர்மாவில் இருந்து சம்பாதித்துக் கட்டிய வீடு. இப்போது அண்ணன் சென்னையில், நான் புனேயில், தங்கை ஷார்ஜாவில். அத்தை போன பிறகு வீடு பூட்டியே கிடக்கிறது. பின்கட்டில் ஓடு சரிந்து, கொல்லையில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

போன மாதம் மூன்று பேரும் போனில் பேசினோம். அண்ணன் கேட்டார்: "ஓடு மாத்த யார் காசு போடறது? போட்டாலும் அங்க யாருடா இருக்கப் போறா?" நியாயமான கேள்வி. நான் கொலோன்ஜ் கதையைச் சொன்னேன். "அது பிரான்ஸ்டா, அங்க மேயர் இருக்கார், சட்டம் இருக்கு. நமக்கு யார் இருக்கா?" என்றார். தங்கைதான், "1923-ல அந்தச் சிற்பத்தை எடுத்து மாட்டினப்போ அவங்களுக்கு மட்டும் என்ன சட்டம் இருந்துச்சு அண்ணே?" என்று கேட்டாள். (சட்டம் 1913-லேயே வந்துவிட்டது என்று நான் திருத்தவில்லை. அவள் கேட்டதில் அர்த்தம் இருந்தது!)

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். ஒரு வருஷம் விற்பதில்லை. மூன்று பேரும் சமமாகக் காசு போட்டுப் பின்கட்டு ஓட்டை மட்டும் மாற்றுவது. மே மாத லீவில் பிள்ளைகளோடு போய்ப் பத்து நாள் இருப்பது. ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க முன்கட்டையும் திண்ணையையும் தர முடியுமா என்று போன வருஷமே கேட்டிருந்தார். அப்போது யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது சரி என்று சொல்லியாகிவிட்டது. தினமும் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் லைட் எரியும்.

அடுத்த வருஷம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியாது. மரம் வாங்குபவர் அண்ணனுக்கு மறுபடி போன் செய்திருக்கிறார். "ஒரு வருஷம் கழிச்சுப் பேசுங்க" என்று சொல்லியிருக்கிறார் அண்ணன். சாவியின் ஒரு நகலை டீச்சரிடம் கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு மாமாவுக்கு நேற்று கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.